சீற்றுக்குக் கீழே நாலு விரல் காற்று

புத்தாண்டு பிறக்கும் நாள்களில் யாழ்ப்பாணத்துக்கு நேர் மேலே சூரியன் வந்து நிற்கும். நமது அகலக்கோடு வடக்கு 9 பாகை 40 கலை. ஏப்ரல் நடுவில் ஒரு முறையும், சூரியன் தெற்கே திரும்பும்போது ஓகஸ்ட் கடைசியில் இன்னொரு முறையும் நண்பகல் வெயில் கிணற்றின் அடிவரை நேராக விழும். இடையில் காண்டாவனம் என்னும் கடும் வெயில் நாள்கள். இந்த மாதங்களில் அஸ்பெஸ்ரஸ் சீற்றோ தகரமோ போட்ட அறையில் படுத்தால் மின்விசிறி முழு வேகத்தில் சுற்றினாலும் உச்சந்தலை காயும். விசிறி காற்றைத்தான் அசைக்கும். சீற்றிலிருந்து இறங்குவது பெரும்பாலும் கதிர். அடுப்பங்கரையில் தணலுக்கு முன்னால் நிற்கும்போது முகத்தில் அடிக்கிறதே, அதே வகைச் சூடு. இடையில் எவ்வளவு காற்று ஓடினாலும் அது நேரே வந்து சேரும்.

அதை நிறுத்துவதற்குத்தான் பளபளக்கும் அலுமினியத் தாள். கடைகளில் இன்சுலேஷன் றோல் என்று கேட்டால் தருவார்கள். இங்கே பல வீடுகளில் இது ஏற்கெனவே அடிக்கப்பட்டிருக்கிறது. அதில் பாதி வீடுகளிலாவது தவறாக அடிக்கப்பட்டு, "காசுதான் போனது" என்ற பேச்சு மிஞ்சியிருக்கிறது. பிழை பெரும்பாலும் தாளில் இல்லை. தாளுக்கு முன்னால் காற்று இல்லை, அல்லது பளபளப்பு தூசியால் மூடிப்போயிருக்கிறது. இந்தக் குறிப்பு முழுவதும் அந்த இரண்டைப் பற்றியதுதான்.

எவ்வளவு சூடு, எவ்வளவு குறையும்

12 அடிக்கு 14 அடி அறை ஒன்றை எடுப்போம். 168 சதுர அடி, ஏறத்தாழ 15.6 சதுர மீற்றர். சீற்றின் கீழ்ப்பக்கம் 60 பாகை செல்சியஸ், கட்டில், நிலம், உடம்பு எல்லாம் 35 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய அஸ்பெஸ்ரஸ் சீற் தன் சூட்டை வெளிவிடுவதில் கிட்டத்தட்ட முழுக் கறுப்புப் பொருளைப் போன்றது. முழுக் கறுப்புப் பொருளின் கதிர்வீச்சுத் திறனை 1 என்று வைத்தால், இதற்கு 0.9 அளவில் இருக்கும். கணக்குப் போட்டால் ஒரு சதுர மீற்றருக்கு 150 வாற் அளவு கீழே இறங்குகிறது. அறை முழுவதற்கும் 2,300 வாற்றுக்கு மேல். இரண்டு மின் அடுப்புகளைக் கூரையில் தலைகீழாகத் தொங்கவிட்டது போல.

சுத்தமான அலுமினியத் தாளின் கதிர்வீச்சுத் திறன் 0.05 அல்லது அதிலும் குறைவு. அதன் பளபளப்பான முகம் ஒரு காற்று இடைவெளியைப் பார்த்து நின்றால், அதே 60 பாகையில் இறங்கும் கதிர் ஒரு சதுர மீற்றருக்கு 10 வாற்றுக்குள் வந்துவிடும். அறைக்கு 150 வாற். காற்று வழியாகவும் சுவர் வழியாகவும் வரும் சூடு இதில் சேராது. ஆனால் சூடான காற்று மேலேயே நிற்கும் இயல்புடையது, தானாகக் கீழே இறங்காது. அதனால்தான் கூரையிலிருந்து இறங்கும் சூட்டில் கதிருக்கு இவ்வளவு பெரிய பங்கு, அதனால்தான் மெல்லிய தாள் ஒன்று இங்கே இவ்வளவு வேலை செய்கிறது.

கையில் காசு குறைவான வீட்டுக்கு இன்னொரு கணக்கு. பழைய பனர் துணியோ சாக்கோ, பளபளப்பே இல்லாத எதையும், சீற்றுக்குக் கீழே இடைவெளி விட்டுக் கட்டினால் இறங்கும் கதிர் பாதியாகும். நடுவில் நிற்கும் எந்த மறைப்பும் தான் வாங்கியதை மேலுக்கும் கீழுக்குமாகப் பிரித்து வெளிவிடும், அதுதான் காரணம். பாதி என்பது சிறிய உதவி அல்ல. நோயாளியோ கைக்குழந்தையோ இருக்கும் அறைக்குத் தாள் வாங்கும்வரை அதையாவது செய்யலாம். விறகடுப்புக்கும் விளக்குக்கும் எட்டத்தில் கட்ட வேண்டும்.

எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே 34 பாகை என்றால் அறைக் காற்றும் அந்த அளவில்தான் இருக்கும். இது குளிரூட்டி அல்ல. மாறப்போவது தலைக்கு மேல் எரியும் அந்தச் சுமை. கடலும் களப்பும் சூழ்ந்த ஊரில் ஈரப்பதன் கூடியிருப்பதால் வியர்வை ஆறுவது மெதுவாக. அப்படிப்பட்ட உடம்புக்கு மேலிருந்து வரும் 2,000 வாற்றை நிறுத்துவது பெரிய ஆறுதல்.

தாளைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு பக்கமும் பளபளப்பு உள்ள, நடுவில் நெய்த பிளாஸ்ரிக் வலை வைத்த தாள் முதல் தெரிவு. மெல்லியது, கிழியாது, ஊறாது. நடுவில் 5 அல்லது 10 மில்லிமீற்றர் நுரை வைத்த றோல்தான் இங்கே அதிகம் விலைப்படுகிறது. நுரை கடத்தலைக் கொஞ்சம் தடுக்கும், மழைச் சத்தத்தையும் குறைக்கும். ஆனால் எலியும் அணிலும் அதைக் கூட்டுக்குப் பிய்த்துக்கொண்டு போகும். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். வாங்கும் முன் ஒரு துண்டு கேட்டு, முற்றத்தில் தீக்குச்சியால் பற்றவைத்துப் பாருங்கள். குச்சியை எடுத்த பிறகும் எரிந்துகொண்டு சொட்டினால், சமையலறைக்கு அந்த றோல் வேண்டாம்.

பளபளப்பாக இருப்பதெல்லாம் அலுமினியத் தாள் அல்ல. பிளாஸ்ரிக்கில் அலுமினிய ஆவி பூசி, அதன் மேல் இன்னொரு பிளாஸ்ரிக் பூச்சுப் போட்டவையும் உண்டு. மேல் பூச்சுத் தடித்திருந்தால் கண்ணுக்குக் கண்ணாடி போலவும் கதிருக்குக் கறுப்புப் போலவும் இருக்கும். சோதிக்க எளிய வழி, துப்பாக்கி போன்ற அகச்சிவப்பு வெப்பமானி. தாளைச் சாய்வாகப் பிடித்து, அதில் சுடுதண்ணீர்ச் சட்டி தெறிக்கும்படி வைத்து, வெப்பமானியைத் தாளின் மேல் காட்டுங்கள். நல்ல தாளென்றால் இலக்கம் சட்டியின் சூட்டை நோக்கி ஓடும். கெட்ட தாளென்றால் தாளின் சொந்தச் சூட்டையே காட்டிக்கொண்டு நிற்கும். வெப்பமானி இல்லாவிட்டால் கன்னத்தைத் தாளுக்கு ஓர் அங்குலம் கிட்டக் கொண்டுபோங்கள், தொடாமல். நல்ல தாள் உங்கள் முகச்சூட்டை உங்களுக்கே திருப்பித் தருவது தெரியும்.

ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் வெள்ளைப் பிளாஸ்ரிக் என்று ஒரு றோல் வரும். வெள்ளை கண்ணுக்கு அழகு என்பதால் அதைக் கீழே பார்க்க அடித்து, பளபளப்பை மேலே சீற்றைப் பார்க்க விடுகிறார்கள். முதல் ஆண்டு நன்றாகவே வேலை செய்யும். மேல்முகத்தில் தூசி படியப் படியப் பயன் குறையும். செம்மண் தூசி பறக்கும் வலிகாமத்துத் தோட்டப் பக்கங்களில் இது இன்னும் விரைவு. பளபளப்பு கீழே பார்த்தால் தூசி அதில் தங்காது. சூடான தாளாக இருந்தாலும் அது கதிரை வெளிவிடாது. ஆகவே ஒரு பக்கத் தாளென்றால் பளபளப்பு கீழே. கண் கூசுகிறது என்று அதற்கு வெள்ளைப் பெயின்ற் அடித்தால் எல்லாம் முடிந்தது, பெயின்ற்றின் கதிர்வீச்சுத் திறன் 0.9.

அளவும் பொருளும்

முகடு வைத்த கூரையின் ஒரு சாய்வு, 12 அடி அகலம், 15 பாகை அளவு சரிவு என்றால் சாய்வு நீளம் 12½ அடி. இரண்டு முனைக்கும் அரை அடி வீதம் சேர்த்தால் 13½ அடி. 4 அடி அகலத் தாளைத் தாவாரத்துக்குச் சமாந்தரமாக ஓட்டி, 4 அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றினால் முதல் பட்டி 4 அடியும் அடுத்தவை 3 அடி 8 அங்குலம் வீதமும் மூடும். நான்கு பட்டி வேண்டும். ஒவ்வொன்றும் 14½ அடி. மொத்தம் 58 அடி நீளம், 232 சதுர அடி. நிலப்பரப்பு 168தான். கடையில் நிலப்பரப்பைச் சொல்லி வாங்கியவர்களுக்குக் கடைசிப் பட்டி போதாமல் போவது இதனால்தான். நிலப்பரப்பில் நூற்றுக்கு நாற்பது கூட்டி வாங்குங்கள்.

ஆறு கைமரம் இருந்தால், அவற்றின் அடியில் தாளை இறுக்கிப் பிடிக்க 1½ அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிப்பு றீப்பை 75 அடி. அடிக்கு ஒன்று வீதம் 1½ அங்குல ஸ்குறூ 80. பட்டிகள் சேரும் மூன்று ஓரங்களுக்கும் அலுமினிய றேப் 45 அடி. தாள் தொய்யாமல் தாங்கத் தங்கூசி, அதாவது நைலோன் மீன்பிடி நூல், ஒரு சுருள். கட்டுக்கம்பி வேண்டாம், அது மின்சாரம் கடத்தும், உப்புக் காற்றில் துருப்பிடித்துத் தாளையும் தின்னும். மீன்பிடிச் சாமான் கடையில் வாங்கும் தடித்த தங்கூசி கூரை நிழலில் பல ஆண்டு கிடக்கும்.

ஏறும் முன்: அஸ்பெஸ்ரஸ்

எல்லா வகை அஸ்பெஸ்ரஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. நம் கூரைகளில் இருப்பது பெரும்பாலும் வெள்ளை அஸ்பெஸ்ரஸ். சும்மா இருக்கும் சீற்றைவிடத் துளைத்த, அறுத்த, உரசிய சீற்தான் ஆபத்து. ஆகவே இந்த வேலையில் சீற்றில் ஒரு ஆணியும் இறங்கக்கூடாது. எல்லாம் மரத்தில்தான். ஒட்டடையை விளக்குமாற்றால் தட்டாதீர்கள். தண்ணீர் தெளித்து, ஈரத் துணியால் ஒற்றி எடுத்து, அந்தத் துணியைப் பொலித்தீன் பையில் கட்டிவிடுங்கள். துணி முகமூடி போதாது, என்-95 தரமும் அஸ்பெஸ்ரஸுக்குப் போதாது, பி-100 அல்லது எஃப்எஃப்பி-3 தரம் வேண்டும். வேலை உடுப்பைத் தனியாகத் தோயுங்கள்.

சீற்றின் மேல் ஏறுவது இந்த வேலைக்குத் தேவையே இல்லை. பழைய சீற் ஆளின் பாரம் தாங்காமல் உடைந்து விழுந்தவர்கள் பலர். ஒழுக்கு அடைக்க ஏறியே ஆக வேண்டுமென்றால் இரண்டு கைமரத்துக்குக் குறுக்கே பலகை போட்டு, அந்தப் பலகையில் மட்டும் நிற்க வேண்டும்.

ஒழுக்கை முதலில் தீர்க்காமல் தாள் அடிக்காதீர்கள். அடித்த பிறகு தண்ணீர் தாளில் ஓடி வேறெங்கோ சொட்டும், ஓட்டை எதுவென்று பிடிக்க முடியாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையில் ஒழுகும் இடங்களை நிலத்தில் வெண்கட்டியால் குறித்து, தையில் அடைத்து, மாசி பங்குனியில் தாள் வேலையைத் தொடங்குவது நல்ல ஒழுங்கு.

ஏறும் முன்: மின்சாரம்

இதைப் படிக்காமல் அடுத்த பந்திக்குப் போகாதீர்கள். 2009, 2010 ஆம் ஆண்டுகளில் அவுஸ்திரேலிய அரசின் வீட்டு வெப்பத்தடுப்புத் திட்டத்தில் நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். மூவர் மின்சாரம் தாக்கி, ஒருவர் கூரைக்குள் இருந்த வெப்பத்தால். மின்சாரம் தாக்கியவர்களில் இருவர் அலுமினியத் தாளை உலோக ஸ்ரேப்பிளால் அடிக்கும்போது மறைந்திருந்த வயரை அது துளைத்தது. ஒரு நொடியில் கூரை முழுவதும் 230 வோல்ற் ஏறிய தாள்.

மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். ஒரு அறையின் சுவிச் போதாது. வேறு யாரும் போட்டுவிடாமல் ஒருவரைக் காவல் வையுங்கள், அல்லது பெட்டியைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் வையுங்கள். கூரையில் சூரியத் தகடு இருந்தால் இன்னொரு ஆபத்து: மெயினை நிறுத்தினாலும் தகடுகளிலிருந்து இறங்கும் வயரில் பகல் முழுவதும் மின் இருக்கும், சில நூறு வோல்ற். அந்த வயர் போகும் பாதையில் தாளே அடிக்கக்கூடாது, அல்லது அதைப் பொருத்தியவர்களை அழைத்துப் பிரித்துவைக்கச் சொல்ல வேண்டும்.

கைமரத்தில் நேரடியாகக் கிளிப் அடித்து ஓடும் பழைய வயறிங்கைப் பிளாஸ்ரிக் குழாய்க்குள் மாற்றுங்கள். தாளுக்கும் குழாய்க்கும் இரண்டு அங்குலமாவது இருக்கட்டும். மின் கசிந்தால் தானாக விழுந்து மின்சாரத்தை நிறுத்தும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் இல்லாத வீட்டில் தாள் அடிக்கும் முன் அதைப் பொருத்துவது கட்டாயம் என்றே சொல்வோம். இருக்கும் வீட்டில் அதன் சோதனைப் பொத்தானை அமத்திப் பாருங்கள், விழாவிட்டால் அது சுவரில் தொங்கும் பொம்மைதான்.

ஸ்ரேப்ளரைத் தாளைத் தற்காலிகமாகப் பிடிக்க மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் வயரே ஓடாத கைமரத்தில். பனை மரத்தில் அதுவும் முடியாது. பனையின் வைரத்தில் ஸ்ரேப்பிள் வளைந்து தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. 3 மில்லிமீற்றர் அலகால் முன்துளை போட்டு ஸ்குறூ இறக்குங்கள். துளை போடாமல் திருகினால் ஸ்குறூவின் தலை முறியும், றீப்பை பிளக்கும்.

அடிக்கும் ஒழுங்கு

காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஒன்பது மணிக்கு இறங்கிவிட வேண்டும். பத்து மணிக்குப் பிறகு சீற்றுக்கு ஓர் அடி கீழே தலையை வைத்து, கையை உயர்த்தி வேலை செய்வது உடம்பைக் கெடுக்கும். தலைசுற்றல், வியர்வை நின்றுபோதல், பேச்சுக் குழறல் கண்டால் உடனே இறக்கித் தண்ணீர் ஊற்றி விசிறி, வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு பேர் இரண்டு காலை வேலை செய்தால் இந்த அறை முடியும்.

முதல் வேலை, கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி போல்ற் முனைகளைத் தேடுவது. சீற்றைப் பிடிக்கும் இந்தப் போல்ற்றுகள் குறுக்கு மரத்துக்குக் கீழே ஓர் அங்குலம் எட்டிப் பார்க்கும், தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் மாதங்களில் தாள் அடித்து அடித்து அதிலேயே கிழியும். வெட்டப் போகாதீர்கள், வெட்டும் அதிர்வில் சீற் தூளாகும். பழைய சைக்கிள் ரியூப்பில் துண்டு வெட்டி முனைக்கு உறை போட்டால் போதும்.

தாளைக் கைமரத்தின் அடியில் பிடியுங்கள், பக்கத்தில் அல்ல. 4 அங்குலக் கைமரமும் அதன் மேல் 2 அங்குலக் குறுக்கு மரமும் என்றால் சீற்றுக்கும் தாளுக்கும் இடையில் 6 அங்குலக் காற்று கிடைக்கும். குறைந்தது ஓர் அங்குலம் வேண்டும், நாலு விரல் இருந்தால் தொய்வைப் பற்றிக் கவலையில்லை. இடம் சேமிக்கவென்று சீற்றுக்கும் குறுக்கு மரத்துக்கும் நடுவில் தாளைச் செருகி, அடியில் பலகை அடித்து மூடிய வேலைகளைப் பார்த்தால் மனம் நோகும். இரண்டு பக்கமும் ஏதாவது ஒன்றைத் தொட்டுக்கொண்டிருக்கும் அலுமினியம் நல்ல வெப்பக் கடத்தி, வேறொன்றுமில்லை. அதோடு, சீற்றில் உள்ள சீமெந்தின் காரம் ஈரத்தோடு சேர்ந்து அதை அரித்துப் பொடியாக்கும். சுவரின் சுண்ணாம்புப் பூச்சையும் தாள் தொடக்கூடாது, ஓர் அங்குலம் விலகி நிற்கட்டும்.

தொடக்கம் முகட்டிலிருந்து. கூரைக்கு மேல் நின்று விரிப்பவர்கள் தாவாரத்திலிருந்து தொடங்குவார்கள், அதைப் பார்த்து உள்ளிருந்து அடிப்பவர்களும் அப்படியே செய்வதால் ஓரங்கள் மாறிப்போகின்றன. உள்ளே நின்று அடிக்கும்போது மேல் பட்டியை முதலில் பிடித்து, அடுத்த பட்டியின் மேலோரத்தை அதற்குக் கீழே 4 அங்குலம் செலுத்த வேண்டும். அப்போதுதான் மேலே விழும் சொட்டு ஒரு பட்டியிலிருந்து அடுத்ததன் முதுகில் இறங்கி, தாவாரத்தில் வெளியேறும். ஒழுங்கு மாறினால் ஒவ்வொரு ஓரமும் ஒரு பீலி, தண்ணீர் கட்டிலில்.

முதல் பட்டியின் மேலோரத்துக்கும் முகட்டு வளைக்கும் நடுவில் 2 அங்குலம் திறந்து விடுங்கள். தாவாரப் பக்கத்தில், சுவர்த்தலைக்கு மேலே, ஓர் அங்குலம். சீற்றின் வளைவுகளுக்கு அடியில் இருக்கும் துவாரங்களை வௌவாலுக்குப் பயந்து சாந்து வைத்து அடைத்திருப்பார்கள். சாந்தை நனைத்து, கையாலும் சிறு உளியாலும் சீற்றில் அடி படாமல் எடுத்து, கால் அங்குலக் கண் வலையால் மூடுங்கள். நுளம்பு வலை வேண்டாம், ஒரு மாதத்தில் தூசியால் அடைபட்டுவிடும். தாவாரத்தில் நுழையும் காற்று சூட்டை எடுத்துக்கொண்டு முகட்டு இடுக்கால் போகும். அந்த ஓட்டம் இருந்தால் தாளே அவ்வளவு சூடேறாது.

தாள் பிடித்த கையோடு றீப்பையை ஏற்றி, அடிக்கு ஒரு ஸ்குறூ. தனித்தனி ஆணியில் தொங்கும் தாள் சோளகத்தில் படபடத்து ஒவ்வொரு ஆணியிலும் கண் விட்டுக் கிழியும். முழு நீளமும் றீப்பைக்கு அடியில் கிடக்கும் தாளுக்கு அந்த இழுவை இல்லை. பறை போல இறுக்க வேண்டாம், கைமரங்களுக்கு நடுவில் ஓர் அங்குலம் தொய்யலாம். நுரைத் தாள் முதல் வெயிலில் கொஞ்சம் சுருங்கும், அதற்கு இடம் வேண்டும். ஒவ்வோர் அடிக்கும் ஒரு தங்கூசியை றீப்பையிலிருந்து றீப்பைக்குக் குறுக்கே இழுத்துக் கட்டினால் பத்து ஆண்டு கழித்தும் தாள் வயிறு தள்ளாது.

றேப் ஒட்டும் முன் ஓரத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். தூசியில் ஒட்டிய றேப் அடுத்த மத்தியானமே உரிந்து தொங்கும். விசிறித் தண்டுக்குத் தாளில் பெருக்கல் குறி போல வெட்டி, நான்கு நாக்கையும் மேலே மடித்து, தண்டையும் அதன் வயரையும் தொடாமல் ஒட்டுங்கள். சூடேறும் மின்குமிழுக்குக் கிட்ட நுரைத் தாள் வரக்கூடாது.

எல்லாம் முடிந்த பிறகு மெயினைப் போட்டு, ஒவ்வொரு பட்டியையும் தனித்தனியாக ரெஸ்ரரால் தொட்டுப் பாருங்கள். கையால் அல்ல. பட்டிகளுக்கு நடுவே மின் தொடர்பு இல்லாமலும் இருக்கலாம், ஒன்றைச் சோதித்து மற்றதை நம்பாதீர்கள். ஒளிர்ந்தால் மெயினை நிறுத்தி மின்வேலை தெரிந்தவரை அழையுங்கள்.

வேறு கூரைகளுக்கு

ஓட்டுக் கூரைக்கும் இதே முறைதான், கைமரத்தின் அடியில். ஓடுகளின் இடுக்கால் காற்றுத் தாராளமாகப் போவதால் முகட்டுத் துவாரம் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. உயர்ந்த கூரையும் தடித்த சுண்ணக்கல் சுவரும் உள்ள பழைய நாற்சார் வீட்டுக்கு இது பெரும்பாலும் தேவைப்படாது. அங்கே உடைந்த ஓடுகளை மாற்றினாலே போதும்.

தகரக் கூரையில் தை மாசிப் பனிக்காலத்து விடியற்காலையில் அடிப்பக்கம் வியர்த்துச் சொட்டும். இரவில் தெளிந்த வானத்தைப் பார்த்துத் தகரம் ஆறி, காற்றைவிடக் குளிர்ந்துபோவதால் வரும் நீர் அது. மேலே சொன்ன ஓர ஒழுங்கு சரியாக இருந்தால் தாளில் ஓடிப் போய்விடும்.

ஏற்கெனவே தட்டையான சீலிங் அடித்த அறையில், சீலிங்கைத் தாங்கும் சட்டங்களின் மேல் இரு பக்கத் தாளை விரித்துவிடலாம். மேல்முகத்தில் தூசி படிந்தாலும் கவலையில்லை, அடிமுகமும் சட்டத்தின் 2 அங்குல இடைவெளியும் வேலையைச் செய்யும். சீலிங் பலகையிலேயே படுக்கவைத்தால் அந்த அடிமுகம் வீண்.

கொங்கிறீற் பிளாற்றுக்கு அடியில் தாளை ஒட்டும் வேலையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அங்கே மேலே வெள்ளைப் பூச்சு அடிப்பது நல்லது, வெயிலை உள்ளே வாங்கும் முன்பே திருப்பிவிடும். விறகடுப்புள்ள சமையலறையில் கீழே பார்க்கும் பளபளப்பு சில வாரங்களில் புகையால் கறுக்கும். அங்கே முதலில் புகைக்கு வழி.

குருநகர், பாசையூர், நாவாந்துறை, காரைநகர் என்று கடலோரத்தில் இருப்பவர்கள் பூச்சே இல்லாத வெறும் தாளை வாங்க வேண்டாம். உப்பு ஊசித்துளைகளாகக் குத்தி வைக்கும். மிக மெல்லிய பாதுகாப்புப் பூச்சு உள்ளதைத் தேடி, சட்டிச் சோதனையில் தேறியதா என்று பார்த்து எடுங்கள். ஸ்குறூவும் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும்.

அளந்து பார்ப்பது

அகச்சிவப்பு வெப்பமானியைத் தாளில் காட்டி "அறுபது முப்பத்திரண்டாகிவிட்டது" என்று மகிழாதீர்கள். அது காட்டுவது பெரும்பாலும் தாளில் தெறிக்கும் நிலத்தின் சூடு. தாளில் ஓர் அங்குலம் கறுப்பு மின் றேப் ஒட்டி, பத்து நிமிடம் கழித்து அந்த றேப்பில் அளந்தால் தாளின் உண்மைச் சூடு வரும்.

உடம்பு உணர்வதை அளக்க மேசைப்பந்துக்குச் சிறு துளை போட்டு, மங்கிய கறுப்பு நிறம் அடித்து, வயர் முனை வெப்பமானியை உள்ளே விட்டுக் கட்டில் உயரத்தில் தொங்கவிடுங்கள். பக்கத்தில் சாதாரண வெப்பமானி ஒன்று. விசிறியை நிறுத்தி, மத்தியானம் ஒரு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் இரண்டையும் வாசியுங்கள். பந்து காற்றைவிட எவ்வளவு கூடக் காட்டுகிறதோ அவ்வளவும் கதிர். நேற்றையும் இன்றையும் ஒப்பிடுவதைவிட, தாள் அடித்த அறையையும் அடிக்காத அறையையும் ஒரே நேரத்தில் ஒப்பிடுவது நேர்மையான கணக்கு.

இரவில் ஒரு குறை உண்டு. வெறும் சீற் பொழுது பட்டதும் விரைவில் ஆறி, அறையின் சூட்டை மேலே இழுக்கும். தாள் அந்த இழுப்பையும் மறிக்கிறது. பகலில் சூடேறிய சீமெந்துக் கல் சுவர் இரவு பத்து மணிவரை சூட்டை விட்டுக்கொண்டிருக்கும். ஆகவே மாலை ஆறரைக்கு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து காற்றோட்டம் விடுங்கள், நுளம்புக்கு ஜன்னலில் வலை அடியுங்கள். மேற்குச் சுவருக்கு வெளியே ஒரு முழம் தள்ளிக் கிடுகுத் தட்டியோ பனையோலைத் தட்டியோ கட்டினால் சுவர் சூடேறுவதே குறையும். அதையும் சேர்த்துச் செய்த அறையில்தான் இரவுத் தூக்கம் சரியாகும்.

ஆண்டுக்கு இரண்டு முறை ரோர்ச் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். ஆவணியில், சோளகம் தணிந்ததும், கிழிந்த ஓரங்களுக்கு றேப்பும் தளர்ந்த ஸ்குறூவுக்குத் திருகலும். கார்த்திகையில், முதல் பெருமழைக்கு அடுத்த நாள், தாளில் எங்காவது தண்ணீர் தேங்கிப் பை விட்டிருக்கிறதா என்று. பை விட்டிருந்தால் ஊசியால் குத்தி வாளியில் வடித்து, துளையை றேப்பால் ஒட்டி, அதற்கு நேர் மேலே இருக்கும் சீற்றில் ஒழுக்கைத் தேடுங்கள்.